நடுப்பகலில் வீடு பார்க்க வருகிறவர்

மினிபஸ்காரன் ஆள் நிறையாமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்று அடம்பிடித்ததில்தான் எல்லாம் தாமதமாயிற்று. பார்பத்தி காலையிலேயே வந்து சேர்ந்திருக்க வேண்டியவள். நியூ ஆம்ஸ்டர்டாம் சந்தையடியில் வேர்க்க விறுவிறுக்கக் காத்திருந்து, மடியில் பெட்டியும் காலடியில் பானை சட்டி மூட்டையுமாக நசுங்கி வந்து, கான்ஜே ஆற்றங்கரையில் தன் வீட்டு வாசலில் இறங்கியபோது வெயில் உச்சந்தலையில் நின்றது. தெருவில் ஈ காக்கை இல்லை.

கரும்புத் தோட்ட வேலைக்குக் கடல் கடந்து வந்தவர்களின் வம்சம் வாழும் அந்த ஊரில் நடுப்பகல் என்றால் லேசில்லை. நள்ளிரவுக்குக்கூட அவ்வளவு பயப்படமாட்டார்கள். நிழல் காலுக்கடியில் சுருண்டுகொள்ளும் அந்த நேரத்தில்தான் மண்ணுக்குப் பழையவர்கள் நடமாடுவார்கள் என்று பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொள்வார்கள். பூட்டிக் கிடந்த வீட்டை அந்த நேரத்தில் யாரும் திறக்கவே மாட்டார்கள். பார்பத்திக்கு இது தெரியாதா? பிறந்து வளர்ந்ததே அங்கேதான். "என் வீட்டுக்கு நான் வர்றதுக்கு நேரம் காலம் வேற பாக்கணுமா?" என்று முணுமுணுத்தபடி கேட்டைத் தள்ளினாள்.

உயரமான மரத்தூண்கள் மேல் நிற்கிற வீடு. கீழே நிழலாக வீட்டடி, பக்கவாட்டில் மேலே ஏறும் படிக்கட்டு, கொல்லையில் ஒரு பெரிய இலவமரம், அதைத் தாண்டி வாய்க்கால். அவள் புருஷன் ராம்தத் கரும்பு எஸ்டேட்டில் மெக்கானிக்காக இருந்து பலகை பலகையாகச் சேர்த்துக் கட்டியது. அவர் போன பிறகு தனியாக இருக்கப் பிடிக்காமல் நியூ ஆம்ஸ்டர்டாமில் தங்கை சாவித்ரி வீட்டில் போய் ஒட்டிக்கொண்டு, இதை வாடகைக்கு விட்டாள். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். சொன்னவர்கள் வாடகைக்கு விட்டுப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஒருத்தன் குளியலறையில் வாத்து வளர்த்தான். ஒருத்தி படுக்கையறைச் சுவருக்குக் கத்தரிக்காய் நிறத்தில் பெயின்ட் அடித்துவிட்டு, பிள்ளை ஆசைப்பட்டது என்றாள். இன்னொருத்தன் சொல்லாமல் கொள்ளாமல் காலி பண்ணிக்கொண்டு போனபோது கதவுக் கைப்பிடிகளையும் கழற்றிக்கொண்டு போனான். பம்பு ஓடவில்லை என்று போன், தகரக் கூரை ஒழுகுகிறது என்று போன், இவர்கள் ஆடு என் கத்தரிச்செடியைத் தின்றுவிட்டது என்று பக்கத்து வீட்டிலிருந்து போன். இப்படியெல்லாம் பட்டுப் பட்டுத்தான் பார்பத்தி வீட்டுக்காரம்மா ஆனாள்.

ஆனாள் என்றால், சும்மா ஆகவில்லை. முன்னறிவிப்பே கிடையாது. திடீரென்று ஒரு நாள் வந்து நிற்பாள். கையில் சாவிக்கொத்து இருக்கும். படியேறும்போதே அதால் கைப்பிடிக் கம்பியில் டக், டக் என்று தட்டிக்கொண்டு ஏறுவாள். "வீடு பாக்க வந்தேன்" என்று ஒரு வார்த்தை. அப்புறம் அறை அறையாகப் போவாள். ஜன்னல் பலகையில் விரலால் இழுத்துத் தூசி பார்ப்பாள். குழாயைத் திறந்து மூடுவாள். அலமாரியைத் திறந்து மோந்து பார்ப்பாள். அந்த டக் டக் கேட்டாலே குடியிருப்பவர்களுக்குக் கையிலிருக்கிற கரண்டி நழுவும். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

கடைசியாக வந்தவள் வேவ்னி. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். புருஷன் இல்லை, ஒரே மகள். பார்பத்தியின் குடித்தனக்காரர்களிலேயே குறை சொல்ல வழியில்லாத ஆள் அவள்தான். போன் பண்ணி அழமாட்டாள், ஒழுகினால் தானே தார் வாங்கி அடைத்துவிடுவாள். அதனால்தான் அந்த வேலையையும் அவள் தலையிலேயே கட்டினாள் பார்பத்தி.

மனைப் பூசையைச் சொல்கிறேன். அந்தப் பக்கத்து மண்ணெல்லாம் ஒரு காலத்தில் டச்சுக்காரத் துரைகள் தோட்டமாக இருந்தது. பத்திரம் யார் பேரில் இருந்தாலும், செத்தும் மண்ணை விட்டுப் போகாத எஜமான் ஒருத்தர் மனைக்கு உண்டு என்பது ஊர் நம்பிக்கை. வருஷத்துக்கு ஒரு தடவை கொல்லை மரத்தடியில் அவருக்கு ஒரு வெள்ளைச் சேவல், கொஞ்சம் ரம், ஒரு சிகரெட் வைக்க வேண்டும். ராம்தத் உயிரோடு இருந்தவரை தவறாமல் செய்தார். பார்பத்திக்கு டவுனிலிருந்து அதற்காகச் சேவலும் கையுமாக பஸ் ஏற அலுப்பு. ஒரு வருஷம் போனிலேயே முடித்துவிட்டாள்.

"நீதான் அங்கயே இருக்கியே வேவ்னி, நீயே போட்டுடேன்."

"போடறேன் மிஸ் பார்பத்தி. ஆனா பேர் சொல்லிப் போடணும்ங்கறாங்களே. உங்க பேரா, என் பேரா?"

"யார் பேரைச் சொன்னா என்ன, சேவல் ஒண்ணுதானே! உன் பேரையே சொல்லிட்டுப் போ."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் வேவ்னியே போட்டாள், தன் பேரைச் சொல்லி.

இப்போது சாவித்ரியின் மகன் தேவினுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு நாள் தங்கை டீயைக் கையில் கொடுத்து, "சின்னஞ்சிறுசுங்களுக்கு ஒரு ரூம் வேணும்ல அக்கா" என்றாள். அவ்வளவுதான். டீயைக் குடித்து முடிப்பதற்குள் பார்பத்திக்குப் புரிந்துவிட்டது. அடுத்தவர் வீட்டு அறையில் எத்தனை வருஷம் இருந்தாலும் ஒரு டீக்குள் காலி பண்ண வேண்டியதுதான். அன்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மறுநாளே வேவ்னிக்கு நோட்டீஸ் கொடுத்தாள். இந்த உலகத்தில் அவளுக்கு என்று மிச்சமிருந்த கூரை அது ஒன்றுதான்.

வேவ்னி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டு, ரோஸ் ஹால் என்ற ஊரில் இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

கேட்டைத் தள்ளிப் படியேறியவளிடம் பூட்டு மக்கர் பண்ணியது. தான் வாங்கிப் போட்ட பூட்டு, தன் கையிலிருந்த சாவி, ஆனாலும் திரும்ப மாட்டேன் என்றது. வலது கையால் முறுக்கி, இடது கையால் கதவைத் தூக்கி, கடைசியில் தோளால் ஒரு இடி இடித்துத்தான் உள்ளே போனாள். வீடு பளிச்சென்று இருந்தது. ஆனால் சுருட்டுப் புகை வாசனை. பழைய வாசனை இல்லை, யாரோ இப்போதுதான் இழுத்துவிட்டு எழுந்து போன மாதிரி.

"வேவ்னி சுருட்டா குடிச்சா? நல்ல கூத்து" என்று சொல்லிக்கொண்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். பெட்டியைப் படுக்கையறையில் வைத்துவிட்டு, பம்பு ஓடுகிறதா என்று பார்க்கக் கொல்லைக்கு இறங்கினாள். திரும்பி வந்தால் பெட்டி படிக்கட்டின் அடியில் நின்றது.

மேலே கொண்டுபோகவே இல்லையோ? வெயிலில் தலை கிறுகிறுத்துவிட்டதோ? அறுபதை நெருங்கினால் இப்படித்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி தூக்கிக்கொண்டு ஏறினாள்.

அன்று வேறொன்றும் நடக்கவில்லை. ராம்தத் படத்தைக் கூடத்தில் மாட்டினாள், பருப்பும் ரொட்டியும் செய்து சாப்பிட்டாள், அலுப்பில் நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்தபோது, இனி யார் முகத்தையும் பார்த்து டீ குடிக்க வேண்டியதில்லை என்று நினைத்து மனசு நிறைந்து போயிற்று.

அன்று நடுப்பகலில் சமையலறையில் நின்று பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே சேவல், நாய், வாய்க்காலில் தவளை எல்லாம் கத்திக்கொண்டிருந்தன. ஒரு கணத்தில் அத்தனையும் நின்றது.

காற்றும் நின்றது.

படிக்கட்டின் கீழே, டக்.

பார்பத்தி நறுக்குவதை நிறுத்தினாள்.

டக். டக். கைப்பிடிக் கம்பியில் இரும்பு தட்டும் சத்தம். நிதானமாக, ஒவ்வொரு படிக்கும் ஒன்றாக ஏறி வந்தது. கூடவே கனத்த செருப்பா, பூட்ஸா, பலகை நெரிபடும் ஓசை.

"யாரு?" என்றாள்.

தாழ் போட்டிருந்த கதவு தாழ் திறக்காமலேயே எப்படி விலகியது என்று அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. சத்தம் கூடத்துக்குள் வந்ததை மட்டும் கேட்டாள். ஜன்னல் பலகையில் ஏதோ மெல்ல உரசி இழுத்துக்கொண்டு போனது. ஒரு விரல். அடுத்த ஜன்னல். மறுபடியும் விரல். படுக்கையறை. அலமாரிக் கதவு கிறீச்சிட்டது.

உள்ளே காற்றை இழுக்கும் சத்தம். மோந்து பார்க்கிறது.

குளியலறையில் குழாய் திறந்தது. தண்ணீர் கொட்டியது. நின்றது.

சத்தங்கள் எதுவும் புதிதில்லை என்பதுதான் பார்பத்தியை ஆட்டியது. அந்த வரிசை அவளுக்கு மனப்பாடம். முதலில் ஜன்னல், அப்புறம் அலமாரி, அப்புறம் குழாய். கடைசியாகச் சமையலறை.

காலடி சமையலறை வாசலில் வந்து நின்றது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். சுருட்டு வாசனை பிடரியில் சுட்டது. பலகையில் நறுக்கிக் கிடந்த பயற்றங்காயை ஏதோ ஒன்று ஒரு ஓரமாகத் தள்ளியது, அருவருப்பாகத் தள்ளுகிற மாதிரி.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. சேவல் மறுபடி கத்தியபோதுதான் கண்ணைத் திறந்தாள். கூடத்தில் ராம்தத் படம் இல்லை. படுக்கையறையில் பெட்டி இல்லை, செருப்பு இல்லை, அடுப்படியில் அவள் கொண்டுவந்த சட்டி ஒன்றுகூட இல்லை. எல்லாம் கீழே கேட்டுக்கு வெளியே தெருவோரம் இருந்தன. எறிந்திருக்கவில்லை. பெட்டி, அதன் மேல் மடித்த போர்வை, பக்கத்தில் சட்டிகள், எல்லாவற்றுக்கும் முன்னால் தெருவைப் பார்த்து ராம்தத். குடித்தனக்காரனைக் காலி பண்ண வைக்கிறவர்கள் சாமானை எப்படி வைப்பார்களோ அப்படி.

"ஐயோ, என் வீட்லேருந்து என்னையேவா!" என்று தெருவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை கேட்டிருக்கிறாள். இங்கே ஒண்ட வந்த பிடாரி யார் என்பதுதான் அவளுக்கு அப்போது புரியவில்லை.

அதைப் புரியவைத்தவர் வீராசாமி பூசாரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை, மற்ற நாளெல்லாம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்று இரண்டு தொழில் பார்க்கிறவர். கொல்லையில் இலவமரத்தடியில் குந்தி உட்கார்ந்து, ரம்மைத் தெளித்து, சேவலை வைத்து, பார்பத்தி பேரைச் சொல்லி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து மண்ணில் நட்டார். எஜமான் ஏற்றுக்கொண்டால் அது தானாக அடிவரை எரிய வேண்டும்.

அணைந்தது.

இன்னொன்று. அதுவும் அணைந்தது. காற்று இல்லை, மழை இல்லை. மரத்தில் உட்கார்ந்திருந்த வண்டுகூட அசையவில்லை.

"மனைக்கு யாரு கையால குடுத்துட்டு இருந்தீங்க?" என்று நிமிர்ந்து கேட்டார் பூசாரி.

பார்பத்தி விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அட கூறுகெட்டவளே! குடியிருக்கிறவ பேரைச் சொல்லிப் போடச் சொன்னியா? உன்னையெல்லாம் வெச்சுக்கிட்டு ராம்தத் எப்படித்தான் குப்பை கொட்டினாரோ."

"பத்திரம் என் பேர்லதானே இருக்கு பூசாரி அண்ணே!"

"இருக்கட்டும். அவருக்கு உன் பத்திரத்தைப் படிச்சுக் காட்டினது யாரு? கையால குடுக்கிறவங்களைத்தான் அவருக்குத் தெரியும். இத்தனை வருஷமா ஒருத்தி குடுத்தா, மரியாதையா நடந்துக்கிட்டா. இப்ப அவளைக் காணோம். யாரோ ஒரு பொம்பள கதவை இடிச்சுத் திறந்துட்டு உள்ள வந்து அடுப்பு மூட்டுறா. நீயா இருந்தா சும்மா விடுவியா?"

பார்பத்தியாக இருந்தால் விட்டிருக்கமாட்டாள்.

வேவ்னியைக் கூப்பிட்டனுப்பினார்கள். தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். அவள் மனசில் ஒரு கசப்பும் இருந்த மாதிரி தெரியவில்லை. பார்பத்திக்கு அதுவே உறுத்தலாக இருந்தது.

"உன்னை எதுவும் பண்ணலையா வேவ்னி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு நாள்கூட இல்ல மிஸ். உச்சி வேளைல படியில சத்தம் கேக்கும். 'வாங்க ஐயா'ன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குத் தச்சுக்கிட்டு இருப்பேன். பாத்துட்டுப் போயிடுவார்." கொஞ்சம் தயங்கினாள். "உண்மையைச் சொல்லணும்னா, நீங்க வர்றதுக்குத்தான் நானும் எம் பொண்ணும் பயப்படுவோம்."

பூசாரி இருமலோடு சிரிப்பை விழுங்கினார். பார்பத்திக்கு முகம் சிவந்துவிட்டது.

வேவ்னி சிகரெட்டைப் பற்றவைத்து நட்டாள். மரத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டு மனுஷரிடம் பேசுகிற மாதிரி பேசினாள். "ஐயா, நான் இனிமே இங்க இல்ல. வேற இடம் போயிட்டேன். இதோ நிக்கிறாங்களே, இவங்க மிஸ் பார்பத்தி. இவங்க வீட்டுக்காரர் கட்டின வீடு. இனிமே இவங்க கையால வாங்கிக்கங்க." சிகரெட்டின் நுனி சிவந்து, சாம்பல் வளைந்து, நிதானமாகக் கீழே இறங்கியது. யாரோ அனுபவித்து இழுக்கிற மாதிரி இடையிடையே நின்று நின்று இறங்கியது.

"ம், இப்ப உன் முறை" என்றார் பூசாரி. "சேவலைக் குடுத்துட்டு, வேணுங்கறதைக் கேளு. அளவாக் கேளு தங்கச்சி. இவர்கிட்ட அப்புறம் போய்ப் பேரம் பேச முடியாது. குடுத்தா குடுத்ததுதான்."

பார்பத்தி மண்டியிட்டாள். அளவாகக் கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் சாவித்ரி கொடுத்த டீ ஞாபகம் வந்தது. தெருவோரம் வைத்த பெட்டி ஞாபகம் வந்தது.

"இனிமே யாரும், எதுக்காகவும், என்னை இந்த வீட்டை விட்டுக் கிளப்பக் கூடாது ஐயா. அது ஒண்ணு போதும் எனக்கு. சாகிறவரைக்கும்."

வேவ்னி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பூசாரி எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சிகரெட் அடிவரை எரிந்து மண்ணில் ஒரு சின்னக் குழி மட்டும் இருந்தது.

அதன் பிறகு ஒரு தொல்லையும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பூட்டு வெண்ணெய் மாதிரித் திறந்தது. உச்சி வேளையில் படியில் டக் டக் கேட்கும். "வாங்க ஐயா" என்பாள், வேவ்னி சொன்ன மாதிரியே. ஆனால் வேவ்னி மாதிரித் தைத்துக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை. பொழுது விடிந்ததிலிருந்து துடைத்தபடியே இருப்பாள். ஜன்னல் பலகையில் ஒரு தூசி, அலமாரியில் ஒரு ஈர நாற்றம், குழாயில் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்ப்பாள், துடைப்பாள், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பாள். காலடி சமையலறை வாசல்வரை வந்து திரும்பிப் போனதும்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஒரு நாள் எதிர்வீட்டுக்காரி விசேஷத்துக்கு என்று ஒரு பெரிய சட்டியை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் உச்சிவேளை தாண்டி அடுப்படிக்குப் போனால் சட்டி அதன் இடத்தில் இருந்தது, கழுவித் துடைத்து. சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "குடுத்ததைக் கேட்டு வாங்கிக்கக் கூடாதா ஆன்ட்டி? பாதிக் கறியைத் தரையில கொட்டிட்டு எடுத்துட்டு வரணுமா?" பார்பத்தி ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பினாள். என் சாமானுக்கு இவ்வளவு காவலா என்று முதலில் சிரிப்புக்கூட வந்தது. அப்புறம் ஏனோ வரவில்லை.

சந்தைக்குப் போவாள், வருவாள். அதில் ஒன்றும் தடையில்லை. தேவின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் நியூ ஆம்ஸ்டர்டாமில் தங்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. சாவித்ரியே போன் பண்ணி அழுதாள். "நீ முன்னால நிக்காம என் பையனுக்குக் கல்யாணமா அக்கா? அன்னிக்கு ஏதோ புத்தி கெட்டுப் பேசிட்டேன்." பார்பத்தியும் அழுதாள். கூடப் பிறந்தவளோடு எவ்வளவு நாளைக்கு முறுக்கிக்கொண்டு திரிவது? மணப்பெண்ணுக்கு என்று ராம்தத் வாங்கித் தந்த வளையலை எடுத்து வைத்தாள். ஊதா நிறத்தில் ஒரு புது உடை தைக்க வேவ்னியிடம் கொடுத்து வாங்கினாள்.

காலையிலேயே கிளம்பிவிடத்தான் பார்த்தாள். தேவினுக்கு மாப்பிள்ளை வேலைகள், கார் வரத் தாமதமாயிற்று. பெட்டியைக் கட்டி, வாசலருகே வைத்து, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். முள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்க நெருங்கப் பெட்டியை இன்னும் வாசலோரமாக நகர்த்தினாள்.

மூக்குக்கண்ணாடியை எடுக்கப் படுக்கையறைக்குப் போனாள். அது அலமாரி மேல் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

வாசலருகே பெட்டி இல்லை.

மறுபடி படுக்கையறைக்கு ஓடினாள். பெட்டி காலியாகக் கட்டிலுக்கடியில் இருந்தது. அலமாரியைத் திறந்தாள். உடைகள் ஒவ்வொன்றும் மடித்து அடுக்கியிருந்தன. ஊதா உடை ஆணியில் தொங்கியது. வளையல் அதன் பழைய டப்பியில். செருப்பு கட்டிலோரம், காலை எடுத்து நுழைக்கத் தோதாக. அவள் கையில் இருந்த மூக்குக்கண்ணாடி மட்டும்தான் மிச்சம்.

"வேண்டாம் ஐயா," என்றாள் கிசுகிசுப்பாக. "ஒரே ஒரு வாரம். என் தங்கச்சி மகன் கல்யாணம். திரும்பி வந்துடுவேன். நானா போறேன், யாரும் கிளப்பல."

கூடத்தில் ஜன்னல் பலகைகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

கதவை நோக்கி ஓடினாள். கதவுக்குப் பக்கத்து ஆணியில் எப்போதும் தொங்கும் சாவிக்கொத்து அங்கே இல்லை. ஆணி மட்டும் இருந்தது. தாழை இழுத்தாள். தோளால் இடித்தாள். அன்று உள்ளே வர இடித்த மாதிரியே இடித்தாள். கதவு அசையவில்லை.

தெருவில் கார் ஹாரன் அடித்தது. கடைசி ஜன்னல் பாதி திறந்திருந்தது. அதில் முகத்தைப் பதித்து எட்டிப் பார்த்தாள். தேவின் கேட்டருகே நின்று கையை நெற்றிக்கு வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்தான். மாப்பிள்ளைக் களை முகத்தில் வந்துவிட்டிருந்தது.

"தேவின்!" என்று கத்தினாள். சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை. "மேல வாடா! கதவை உடைடா!"

அவன் அவள் இருந்த ஜன்னலைப் பார்க்கவில்லை. படிக்கட்டைப் பார்த்தான். பார்த்துச் சிரித்தான்.

"ஆங், சாவிச் சத்தம் கேக்குது பெரியம்மா," என்று கூப்பிட்டான். "இறங்கி வர்றீங்கல்ல, அவசரமில்ல. மெதுவா வாங்க."

பார்பத்தி தன் கைகளைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி தவிர அவற்றில் ஒன்றுமில்லை.

படிக்கட்டில், டக்.

டக்.

அது இறங்கவில்லை. ஏறிக்கொண்டிருந்தது.